புதுக்கட்டிடமும் அனுமதிச் சீட்டுகளும்

நம் விடுதிக்கு அடுத்த புதுக்கட்டிடம் வெள்ளையடித்து நிற்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். "இன்னும் விளக்கு எரியவில்லையே, எல்லாம் காகிதத் தொல்லை" என்று நம்மவர் பலர் சலித்துக்கொள்ளக் கேட்டேன். பௌதிகம் பயிலும் எனக்கோ, அக்காகிதங்களுள் சில உயிர் காப்பன என்றே தோன்றுகிறது.

கட்டிட வரைபடத்திற்குப் பெறும் அனுமதி மனையின் எல்லையோடு நின்றுவிடும். குழாயும் கேபிளும் வருவதோ சாலை வழியாக. டில்லியில் சாலை மாநகராட்சியினுடையதாயின் அங்கே மனு. பொதுப்பணித் துறையினுடையதாயின் இங்கே மனு. மண்ணுக்கடியில் பிறர் போட்ட கம்பிகளும் உண்டு. தோண்டுபவர் அவற்றின் உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்கவே 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செல்போன் செயலியை வெளியிட்டது.

பழஞ்சின்னங்கள் நிறைந்த இவ்வூரில் இன்னொரு சிக்கல். 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபடி, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். பொதுமக்களுக்கான குடிநீர், மின்வழங்கல் பணிகள் 'கட்டுமானம்' என்னும் சொல்லில் அடங்கா. ஒரு தனிக்கட்டிடத்தின் குழாய் பொதுமக்களுக்கானதா என்பதை வக்கீல்கள்தாம் கூறவேண்டும்!

மின்சாரத்திற்கு வருவோம். அரசு குறித்த அழுத்தத்திற்கு மேற்பட்ட அமைப்பாயின் மின் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு உட்பட்டதாயின் உரிமையாளரே சோதித்துச் சான்றளிக்கலாம். இப்பின்னது எனக்கு அவ்வளவு உவப்பானதன்று. அளவாமலே கையொப்பமிட்டால் யார் அறிவார்?

ஒரு கணக்கைப் பாருங்கள். மின்மாற்றியின் எர்த் தடை 5 ஓம், நம் கட்டிடத்தினது 5 ஓம் என்று கொள்வோம். பம்பின் இரும்புக் கூட்டில் 230 வோல்ட் கம்பி தொட்டுவிட்டால், மண் வழியே 23 ஆம்பியர் ஓடும். 32 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு எரியாது. கூட்டின் மேலோ 115 வோல்ட் நிற்கும். கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் இல்லையாயின், ஈரக்கையோடு தொடுபவர் கதி என்ன?

மேலும், எர்த் தடை மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் அளந்து எழுதிய எண் டில்லியின் ஜூன் மாத வெயிலில் உயர்ந்துவிடும். ஆகவே புதுக்கட்டிடத்திற்குக் குடிபோகும் நண்பர்கள், சான்றில் அந்த ஓம் அளவு எழுதப்பட்டிருக்கிறதா, எந்த மாதத்தில் அளந்தது என்று வார்டனிடம் தயங்காது கேளுங்கள்.