கல்மரமும் இழப்பற்ற ஒலியும்

1996-இல் பிறந்த ஃபிளாஷ் என்னும் அசைபட முறை 2007-க்குள் உலகமெங்கும் செல்வாக்குப் பெற்றது. தமிழ்க் குழந்தைகளுக்கான பாட்டும் கதையும் அசைபடமாகிச் சிடிக்களில் வீடு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். அவற்றின் ஒலியை மட்டும் பிரித்து ‘ஃபிளாக்’ என்னும் இழப்பற்ற வடிவத்தில் சேமித்துவைக்க விரும்புவது மெச்சத்தக்க காரியமே. ஆயினும் அக்காரியத்தைச் சுற்றிச் சில பிழையான அபிப்பிராயங்கள் படர்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: ஃபிளாஷ் போனதோடு ஒலியும் போயிற்று.

2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியதும், 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் படங்களை ஓட்ட மறுத்ததும் வாஸ்தவம். மாண்டது பிளேயரேயன்றிக் கோப்பு அன்று. ‘ரஃபிள்’ என்னும் இலவச மென்பொருள் பழைய படங்கள் பலவற்றை இன்றும் ஓட்டுகிறது.

நம்பிக்கை: ஃபிளாக்காக மாற்றினால் ஒலி தெளிவடையும்.

இதுதான் எல்லாவற்றினும் பிடிவாதமானது. ‘இழப்பற்ற’ என்ற அடைமொழியைக் கேட்டவுடனே, இழந்ததெல்லாம் திரும்பிவிடும் என்று மனம் தானாக ஆசைப்பட்டுவிடுகிறது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில், 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடற்சேற்றில் புதையுண்டு, 18 மீட்டர் நீள அடிமரமாக இன்றும் கிடக்கிறது. அதற்கு எத்துணைச் சிறந்த வேலியும் கூரையும் அமைத்தாலும், போன இலையும் கிளையும் துளிர்க்கப்போவதில்லை. ஃபிளாக் செய்வதும் காவலே. சிடி தரத்தில் ஒரு நிமிஷ ஒலிக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் பைட்டுகளுக்கு மேல் வேண்டும். அதையே விநாடிக்கு 16 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினால் ஒரு லட்சத்து இருபதாயிரம் பைட்டுகளே மிஞ்சும். இணைய வேகம் குறைந்திருந்த அந்நாளில் ஃபிளாஷ் படங்கள் பலவும் இவ்வாறு சுருங்கிய குரலோடுதான் வெளிவந்தன. அத்தகைய ஒலியை ஃபிளாக்கில் இட்டால் கோப்பு பெருக்குமேயன்றிக் குரல் வளம் பெறாது. எம்பி3 ஆக இருப்பதை எம்பி3 ஆகவே, ஒரு பைட்டும் மாற்றாமல் நகலெடுப்பதுதான் அங்கே உண்மையான இழப்பின்மை.

அப்படியானால் ஃபிளாக் வீணோ என்றால், அன்று. ஃபிளாஷ் கோப்புக்குள் எம்பி3 அல்லாமல், சுருக்காத பிசிஎம், சிறிது சுருக்கிய ஏடிபிசிஎம், பேச்சுக்கென்றே அமைந்த நெல்லிமோசர் ஆகியனவும் இருக்கக்கூடும். இவற்றை விரித்து ஃபிளாக்கில் வைப்பது பொருத்தமானது. நெல்லிமோசரைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்கள் அருகிவருவதால் அதற்கு அவசியமும்கூட.

நம்பிக்கை: படத்தை ஓட்டி, ஒலிபெருக்கியில் வருவதைப் பதிவு செய்வதே வழி.

பெரும்பாலும் தவறு, சில வேளை சரி. பாட்டொன்று தொடர் ஒலியாகச் சட்டம் சட்டமாகப் பகிர்ந்து வைக்கப்பட்டிருந்தால், ‘எஃப்எஃப்எம்பெக்’, ‘ஜேபெக்ஸ்’ போன்ற கருவிகள் அதை அப்படியே வெளியே எடுத்துத் தந்துவிடும். பதிவு செய்யப்புகுவது அறையின் மின்விசிறி இரைச்சலையும் சேர்த்துக்கொள்வதாகவே முடியும். மாறாக, பொத்தானை அழுத்தினால் மணியோசை, காக்கை பறந்தால் சிறகோசை என்று துண்டு துண்டாக வைத்து, நிரலின் கட்டளைப்படி ஒலிக்கச் செய்திருந்தால், பிரித்தெடுக்கும்போது உதிரித் துணுக்குகளே கிட்டும். குழந்தை கேட்ட அந்தச் சேர்க்கை கோப்பில் எங்குமே முழுமையாக இராது. அங்கே ரஃபிளில் ஓட்டி, மைக்கை நாடாமல், கணினிக்குள்ளேயே ஒலியைப் பிடித்துப் பதிவு செய்வதுதான் யுக்தம்.

நம்பிக்கை: ஃபிளாக் கோப்பு, சுருக்காத ‘வேவ்’ கோப்பைவிடச் சிறியதாயின் எதையோ கழித்திருக்கிறது.

கழிக்கவில்லை. மூல ஒலியின் எம்டி5 கணக்குக் குறியீட்டை ஃபிளாக் தன் தலைப்பிலேயே எழுதிவைக்கிறது. விரித்துப் பார்த்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

ஜிஃப் அசைபடத்திலிருந்து பாட்டை எடுக்க முயல்வோரும் உண்டு. ஜிஃப் வடிவத்தில் ஒலிக்கென்று இடமே வகுக்கப்படவில்லையாதலால், அவர்கள் தேடவேண்டியது வேறு கருவியன்று, வேறு கோப்பு.