கருவிப் பகுப்பாய்வில் செறிவைக் கணித்தல்: குடிநீர் ஃபுளோரைடு வழியாக ஒரு விளக்கம்

ஒரு கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு உள்ளது என்பதை எந்தக் கருவியும் நேராகக் கூறுவதில்லை. நிறமானி காட்டுவது ஒளி எவ்வளவு உட்கவரப்பட்டது என்பதை மட்டுமே. மின்வாய் காட்டுவது சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை. இவ்வெண்களை 'லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்' என மாற்றுவதற்குச் செறிவு முன்னரே தெரிந்த திட்டக் கரைசல்கள் வேண்டும். அவற்றைக் கொண்டு கருவியின் காட்டெண்ணுக்குப் பொருள் காணும் முறையே அளவுத்திருத்தம் எனப்படும்.

ஃபுளோரைடைப் பொறுத்தவரை இவ்வேலையில் நேரும் சிறு பிழையும் பெரிய விளைவைத் தரும். மிகுதியான ஃபுளோரைடால் எலும்புகள் கெடும் நோய் இந்தியாவில் 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் ஆராய்ந்து விவரிக்கப்பட்டது. இந்தியத் தர அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர் விதிப்படி, லிட்டருக்கு 1.0 மி.கி. ஏற்கத்தக்க அளவு, வேறு நீர்நிலை இல்லாதவிடத்து 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அரை மில்லிகிராமே. ஆய்வு அவ்வளவு தவறினால், மூட வேண்டிய கிணறு நல்ல கிணறு எனப் பதிவேட்டில் ஏறிவிடும்.

மாவட்ட ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக வழங்கிவருவது சிர்கோனியமும் ஸ்பாட்ன்ஸ் என்னும் சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசல் முறை. ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பற்றிக்கொள்வதால் சிவப்பு நிறம் வெளிறுகிறது. அதனால் ஃபுளோரைடு கூடக் கூட 570 நானோமீட்டர் அலைநீளத்தில் உட்கவர்தல் குறைகிறது. கோடு மேலிருந்து கீழ்நோக்கிச் சரிவதைக் கண்டு, தாம் பிழை செய்துவிட்டதாக மாணவர்கள் எண்ணுவதுண்டு. ஆசிரியர் இதனை முதலிலேயே சொல்லிவைத்தல் நலம்.

உலர்த்திய சோடியம் ஃபுளோரைடு 0.221 கிராமை நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், மில்லிலிட்டருக்கு 0.1 மி.கி. ஃபுளோரைடு கொண்ட மூலக் கரைசல் கிடைக்கும். இதனைக் கண்ணாடிப் புட்டியில் வையாது பாலிதீன் புட்டியில் வைத்தல் வேண்டும். இதிலிருந்து லிட்டருக்கு 0 முதல் 1.4 மி.கி. வரையுள்ள திட்டக் கரைசல்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் 50 மி.லி. எடுத்து, சாயக் கரைசல் 10 மி.லி. சேர்த்து, காட்டெண்களை வரைபடத்தாளில் குறித்துக் கோடு வரைவர். மாதிரி நீரின் காட்டெண் கோட்டில் எங்கே பொருந்துகிறதோ அங்கிருந்து செறிவைப் படிக்கலாம். 1.4-க்கு மேற்பட்ட நீரை அறியக் கோட்டை நீட்டிவிடுதல் கூடாது. நீரை அளந்து நீர்த்துப் படித்து, பின்னர்ப் பெருக்கிக்கொள்ள வேண்டும். திட்டக் கரைசல்களும் மாதிரிகளும் ஒரே வெப்பநிலையில் இருத்தலும் இன்றியமையாதது.

புள்ளிகள் யாவும் அழகாக ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால் ஆய்வாளர் மனநிறைவு கொள்கிறார். ஆனால் அந்நேர்கோடு மூலக் கரைசல் சரியானது என்பதற்குச் சான்றாகாது. 0.221 கிராமுக்கு மாறாக 0.200 கிராம் மட்டுமே நிறுத்துவிட்டார் எனக் கொள்வோம். எல்லாத் திட்டக் கரைசல்களும் ஒரே விகிதத்தில் குறைவுபடுவதால் கோடு நேராகவே இருக்கும், ஆயினும் 1.0 மி.கி. உள்ள நீர் 1.1 எனக் காட்டும். கூடுதலாக நிறுத்திருந்தால் பிழை எதிர்த்திசையில் சென்று, கெட்ட நீரை நல்ல நீராகக் காட்டும். ஆகவே வேறொருவர் தனியே நிறுத்துத் தயாரித்த ஒரு கரைசலையும் மாதிரியைப்போல் வைத்துப் படித்தல் வேண்டும். நேரம் போகிறதென்று பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தச் சோதனையே.

இதனினும் மறைவான பிழை மாதிரி நீரிலேயே இருக்கக்கூடும். திட்டக் கரைசல்கள் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்பட்டவை. ஊர்க்கிணற்று நீரோ பல உப்புகள் கலந்தது. நாகபுரித் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் வெளுப்புத் தூளும் இட்டு ஃபுளோரைடை நீக்குகின்றனர். அவ்வாறு பண்டுவம் செய்த நீரில் சிறிது அலுமினியம் தங்கக்கூடும். அது ஃபுளோரைடைப் பிணைத்துக்கொள்வதால் சாயம் வெளிறுவது குறைந்து, செறிவு குறைவாகத் தோன்றும். லிட்டருக்கு 0.1 மி.கி. அலுமினியமே, உடனடியாகப் படிக்கும்போது, சுமார் 0.1 மி.கி. பிழையைத் தரவல்லது. வெளுப்புத் தூளிலிருந்து எஞ்சிய குளோரினோ சாயத்தைத் தானே வெளுத்து, செறிவை மிகுத்துக் காட்டும். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, தற்செயலாகச் சரியான எண் வருதலும் கூடும். அவ்வாறு வந்த எண்ணை நம்பி அடுத்த மாதிரியை அளக்க முடியாது.

இத்தகைய நீருக்கு உரியது சேர்ப்பு முறை. மாதிரி நீரையே இரு பங்காக்கி, ஒன்றில் தெரிந்த அளவு ஃபுளோரைடைச் சேர்த்து இரண்டையும் படிப்பதே இதன் சாரம். 50 மி.லி. நீரில் மேற்சொன்ன மூலக் கரைசல் 0.25 மி.லி. சேர்த்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. கூடும். சேர்க்காத பங்கு கோட்டின்படி 0.9 எனவும், சேர்த்த பங்கு 1.2 எனவும் காட்டுவதாகக் கொள்வோம். 0.5 கூடவேண்டிய இடத்தில் 0.3 மட்டுமே கூடியிருக்கிறது. அதாவது அந்நீரில் ஃபுளோரைடின் ஐந்தில் மூன்று பங்கே சாயத்துக்குத் தெரிகிறது. எனவே உண்மைச் செறிவு 0.9-ஐ 0.6-ஆல் வகுத்தால் வரும் 1.5 ஆகும். விதிக்கு உட்பட்டதாகத் தோன்றிய நீர் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது!

இம்முறைக்கும் வரம்புண்டு. குறைவு எல்லாச் செறிவிலும் ஒரே விகிதத்தில் நிகழ்ந்தால்தான் இக்கணக்குச் செல்லும். அலுமினியம் பற்றக்கூடிய ஃபுளோரைடுக்கோ ஓர் அளவுண்டு. சேர்க்கச் சேர்க்க அதன் பிடி தளரும். ஆதலின் ஒரே சேர்ப்புடன் நில்லாது மூன்று சேர்ப்புகள் செய்து, புள்ளிகள் நேர்கோட்டில் அமைகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். வளைந்தால் நீரை அமிலத்துடன் வாலையில் வடித்து ஃபுளோரைடைப் பிரித்த பின்னரே அளக்க வேண்டும். நீரின் இயற்கையான நிறம், கலங்கல், குளோரின் ஆகியவை தரும் பிழை, ஃபுளோரைடு எவ்வளவாயினும் ஒரே அளவாகக் கூடி நிற்பது. அதனைச் சேர்ப்பு முறை திருத்தாது. குளோரினை முன்னரே நீக்கி, நிறத்துக்கு வெற்றுக் கரைசல் வைத்துக் கழிக்க வேண்டும்.

1966-ல் விவரிக்கப்பட்ட லாந்தனம் ஃபுளோரைடுப் படிக மின்வாய் இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. செறிவு பத்து மடங்காகும்போது மின்னழுத்தம் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். ஆகவே செறிவின் மடக்கையை எடுத்தே கோடு வரைய வேண்டும். மின்வாய்க்குத் தெரிவது கட்டுறாத ஃபுளோரைடு மட்டுமே. அதனால் மாதிரிக்கும் திட்டக் கரைசலுக்கும் சம அளவு தாங்கல் கரைசல் சேர்க்கின்றனர். அதிலுள்ள ஒரு பொருள் அலுமினியத்தைத் தன்பால் பிணைத்து ஃபுளோரைடை விடுவிக்கிறது; அதிலுள்ள உப்பு இரண்டு கரைசல்களையும் ஒரே தன்மைக்குக் கொணர்கிறது. தாங்கல் கரைசலை மாதிரிக்கு மட்டும் சேர்த்துவிட்டுத் திட்டக் கரைசலுக்குச் சேர்க்க மறந்தால் பயனில்லை.

சுடரொளிமானியில் சோடியம், பொட்டாசியம் அளப்போர் லித்தியத்தை உடன் சேர்த்து, இரண்டின் ஒளி விகிதத்தைக் கொள்ளும் அகத்திட்ட முறையைக் கையாளுகின்றனர். சுடரின் ஏற்றத்தாழ்வு அதனால் ஈடாகும். ஃபுளோரைடுக்கு அது வழக்கமன்று.

கிணற்றுப் பதிவேட்டில் முடிவு எண்ணை மட்டும் எழுதுவது போதாது. அன்றைய திட்டக் கரைசல்களின் காட்டெண்கள், தனியே தயாரித்த சோதனைக் கரைசலின் விடை, சேர்த்ததில் எத்தனை பங்கு திரும்பத் தெரிந்தது என்னும் மூன்றையும் அருகே குறித்தால், ஆறு மாதம் கழித்து அதே கிணற்றின் எண் மாறும்போது, மாறியது நீரா கோடா என்பதை அடுத்து வரும் அலுவலர் கண்டுகொள்ளலாம்.