சுவரோவியத்துக்கு ஒரு விக்கிப்பீடியா கட்டுரை: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ் விக்கிப்பீடியாவில் கோயில்களைப் பற்றிய கட்டுரைகள் ஏராளம். அந்தக் கோயில்களின் விதானங்களிலும் சுவர்களிலும் இருக்கும் ஓவியங்களுக்கு அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: "இங்கு பழமையான ஓவியங்கள் காணப்படுகின்றன." எந்தக் காலத்தவை, என்ன கதையைச் சொல்கின்றன, யார் ஆராய்ந்தார்கள் என்ற விவரம் எதுவும் இருக்காது. மழைநீர் கசிந்தும், திருப்பணியின்போது சுண்ணாம்பு பூசியும் ஓவியங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிய நல்ல பதிவு, எவரும் இலவசமாகப் படிக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஆர்வத்தோடு வருகிறவர்கள் பலர் முதல் கட்டுரைக்கே நீக்கல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப்போகிறார்கள். காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றுதான் நிற்கும்: ஓவியத்தைப் பார்த்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் போக வேண்டிய இடம் நூலகம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். எடுத்துக்காட்டாகத் திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப ஓவியங்களை வைத்துக்கொள்வோம்.

படி 1: கணக்கும் கைப்பழக்கமும்

பயனர் கணக்கைத் தொடங்குங்கள். சொந்தப் பெயராகவும் இருக்கலாம், புனைபெயராகவும் இருக்கலாம். அமைப்பு, அறக்கட்டளை, நிறுவனம் ஆகியவற்றின் பெயர் வேண்டாம். ஒரு கணக்கு ஒரு மனிதருக்கு என்பது விதி.

உடனே புதிய கட்டுரைக்குப் போகாதீர்கள். உங்கள் ஊர்க் கோயில் பற்றிய கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். வேறொன்றில் சான்றில்லாத ஒரு வரிக்குச் சான்று சேருங்கள். "தொகு" பொத்தானும் வரலாற்றுப் பக்கமும் உரையாடல் பக்கமும் இதிலேயே பழகிவிடும். உங்கள் முதல் கட்டுரையைப் பார்க்க வருபவர் முந்தைய தொகுப்புகளையும் பார்ப்பார். பொறுமையாக நாலு திருத்தம் செய்தவர் என்று தெரிந்தால் நம்பிக்கையோடு பேசுவார்.

படி 2: இந்த ஓவியத்துக்குக் கட்டுரை நிற்குமா?

விக்கிப்பீடியர்கள் இதைக் "குறிப்பிடத்தக்கமை" என்கிறார்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓவியம் அழகானதா, பழையதா, ஊர்மக்கள் போற்றுவதா என்பது கேள்வியே இல்லை. ஓவியத்தோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த ஆசிரியர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்களா என்பது ஒன்றே கேள்வி.

தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. குரங்கு முகம் கொண்ட அந்த மன்னன் இந்திரனிடமிருந்து தியாகராசர் திருவுருவைத் திருவாரூருக்குக் கொண்டுவரும் கதை அது. காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்க வரிகளும் உண்டு. இவ்வோவியங்களைப் பற்றியே டேவிட் ஷுல்மனும் வி.கே. ராஜாமணியும் சேர்ந்து உருவாக்கிய தனி நூல் 2011இல் வெளிவந்தது. முழு நூல் அளவுக்கு ஆராயப்பட்டிருக்கும் ஓவியத் தொகுதியைக் குறிப்பிடத்தக்கதல்ல என்று எவரும் சொல்ல முடியாது.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றமும் அப்படித்தான். அங்கிருக்கும் சமணக் கோயிலைப் பற்றி டி.என். இராமச்சந்திரன் எழுதிய ஆய்வு 1934இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. விதான ஓவியங்களைக் காட்சி காட்சியாக விளக்கும் நூல் அது.

மாறாக, உங்கள் தெருமுனைப் பள்ளிச் சுவரில் போன வருடம் வரைந்த ஓவியத்தைப் பற்றி உள்ளூர்ப் பதிப்பில் திறப்பு விழாச் செய்தி ஒன்று மட்டும் வந்திருந்தால் கட்டுரை நிற்காது. ஓவியம் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. எழுதுவதற்கான ஆதாரம் இன்னும் உருவாகவில்லை, அவ்வளவுதான். தற்கால ஓவியங்களிலும் நிற்கக்கூடியவை உண்டு. சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் தீட்டிய பெரும் ஓவியங்களைப் பற்றிப் பல செய்தித்தாள்களும் இதழ்களும் விரிவாக எழுதியிருக்கின்றன.

படி 3: தனிக் கட்டுரையா, இருக்கும் கட்டுரையில் ஒரு பகுதியா?

விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டியில் எல்லா எழுத்து வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள்: தியாகராசர், தியாகராஜர், தியாகராஜசுவாமி. இருக்கும் கட்டுரையையே மறுபடி உருவாக்கினால் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். உங்கள் உழைப்பில் பாதி வீணாகும்.

கோயிலுக்கு ஏற்கெனவே கட்டுரை இருந்தால், கிடைத்த சான்றுகளை வைத்து எவ்வளவு எழுத முடியும் என்று பாருங்கள். மூன்று பத்திதான் தேறும் என்றால் கோயில் கட்டுரையிலேயே "ஓவியங்கள்" என்று ஒரு துணைத்தலைப்பைச் சேருங்கள். இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். முதல்முறை எழுதுகிறவருக்கு நான் பரிந்துரைப்பதே இந்த வழியைத்தான். பகுதி வளர்ந்து நீண்டபின் உரையாடல் பக்கத்தில் சொல்லிவிட்டுத் தனிக் கட்டுரையாகப் பிரிக்கலாம்.

படி 4: சான்றுகளைச் சேர்த்தல்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கே செலவாகட்டும்.

தொடங்க நல்ல இடம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய நூல்களையும் இதழ்களையும் வீட்டிலிருந்தே புரட்டலாம். மயிலை சீனி. வேங்கடசாமியின் "தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்" நூலில் ஓவியத்துக்குத் தனிப் பகுதி உண்டு. சி. சிவராமமூர்த்தி தென்னிந்திய ஓவியங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தில்லி தேசிய அருங்காட்சியகம் 1968இல் வெளியிட்டது. பல்லவர் காலம் தொடங்கிப் பெரும்பாலான முக்கிய இடங்களுக்கு அதில் குறிப்பு கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. கோயிலில் கல்வெட்டு இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளைத் தேடுங்கள்.

சான்றாக ஏற்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வலைப்பூ, முகநூல் பதிவு, யூடியூப் காணொளி, சுற்றுலா முகவரின் தளம், ஓவியரே தன்னைப் பற்றி எழுதிய பக்கம் ஆகியவற்றைக் கொண்டு குறிப்பிடத்தக்கமையை நிறுவ முடியாது. கோயிலில் விற்கும் தலவரலாற்றுச் சிறுநூல் தலபுராணக் கதைக்குப் பயன்படும்; ஓவியத்தின் காலத்தைச் சொல்வதற்குப் பயன்படாது. வேறொரு விக்கிப்பீடியா கட்டுரையும் சான்று ஆகாது.

பலருக்கு வருத்தம் தரும் விதி இன்னொன்று உண்டு: புத்தாக்க ஆய்வு கூடாது. நீங்கள் மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, இதுவரை எவரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கலாம். அது உண்மையாகவே இருந்தாலும் விக்கிப்பீடியாவில் நேராக எழுத இயலாது. ஆய்விதழிலோ நல்ல பத்திரிகையிலோ முதலில் வெளியிடுங்கள். பிறகு அது சான்றாகும். கறாரான விதிதான். ஆனால் இதுவரை வாய்மொழியாக உலவிய எத்தனையோ கற்பனைகளைக் கலைக்களஞ்சியத்துக்குள் நுழையவிடாமல் தடுத்திருப்பதும் இதே விதிதான். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு அறையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். அந்தச் சோழர் ஓவியங்களில் உள்ள இருவரை இராசராசனும் கருவூர்த் தேவரும் என்று வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. "என்று அடையாளம் காணப்படுகின்றனர்" என்று எழுதி, அப்படி அடையாளம் கண்டவர் யார் என்பதையும் சொன்னால்தான் கட்டுரை நேர்மையாக இருக்கும்.

படி 5: மணல்தொட்டியில் எழுதிப் பாருங்கள்

உங்கள் பயனர் பக்கத்துக்குக் கீழே மணல்தொட்டி என்ற சோதனைப் பக்கம் இருக்கும். கட்டுரையை அங்கே எழுதுங்கள். அவசரப்படுத்த யாரும் வரமாட்டார்கள்.

முதல் இரண்டு வாக்கியங்கள் என்ன, எங்கே, எப்போது ஆகிய மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். "தேவாசிரிய மண்டப ஓவியங்கள் திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் அமைந்துள்ள, முசுகுந்தன் கதையைச் சித்தரிக்கும் ஓவியங்களாகும்" என்று தொடங்கி, அடுத்த வரியில் காலத்தைச் சான்றோடு சொல்லுங்கள். அதன்பின் இருப்பிடம், காட்சிகள், எழுத்துப் பொறிப்புகள், வரைந்த முறை, பாதுகாப்புப் பணிகள் என்று சான்று இருக்கும் அளவுக்கு விரியுங்கள். சான்று கிடைக்காத தலைப்பை விட்டுவிடுங்கள்.

நடையில்தான் பலர் சறுக்குகிறார்கள். "காண்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும் ஈடு இணையற்ற கலைப் பொக்கிஷம்" என்று எழுதினால் அடுத்த நாளே யாராவது வெட்டிவிடுவார்கள், வெட்டுவதே சரி. அந்த இடத்தில் காட்சியை விவரியுங்கள்: ஊர்வலத்தில் யார் வருகிறார்கள், என்ன வாத்தியம் வாசிக்கிறார்கள், என்னென்ன நிறங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன என்று ஆய்வு நூல் சொல்வதைச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். புராணத்தை வரலாறாக எழுதாதீர்கள். "முசுகுந்தன் இந்திரனுக்கு உதவினான்" என்பதைத் "தலபுராணத்தின்படி" என்று தொடங்குங்கள்.

அறிஞர்கள் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்தன்னவாசல் குடைவரை இதற்கு நல்ல பாடம். அங்குள்ள ஓவியங்களை முதலில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் மகேந்திரவர்மனோடு தொடர்புபடுத்தினார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்லும் பாண்டியர் கல்வெட்டு கிடைத்தபின், ஒன்பதாம் நூற்றாண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. கட்டுரையில் இரண்டும் இடம்பெற வேண்டும், மாற்றத்துக்கான காரணத்தோடு.

நூலிலிருந்து வாக்கியங்களை அப்படியே எடுக்காதீர்கள். பதிப்புரிமை மீறல் உடனடி நீக்கலுக்குக் காரணமாகும். ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் மொழிபெயர்த்து ஒட்டுவதும் வேண்டாம். 2010ஐ ஒட்டி கூகுள் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியாக வந்த கட்டுரைகளின் நடையைச் சீர்செய்யத் தமிழ் விக்கிப்பீடியர்கள் மிகவும் உழைக்க வேண்டியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலையும் இல்லாத பக்க எண்ணையும் உண்மைபோல் எழுதித் தருகின்றன. கையில் எடுத்துப் படிக்காத நூலைச் சான்றாகக் காட்டவே காட்டாதீர்கள்.

படி 6: சான்றுகளை இணைத்தல்

சரிபார்க்கக்கூடிய ஒவ்வொரு தகவலுக்கும் அந்த வாக்கியத்தின் இறுதியிலேயே மேற்கோளை இணையுங்கள். ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண். பக்க எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். முந்நூறு பக்க நூலில் தேடச் சொல்வது வாசகருக்கு உதவாது.

படி 7: படம், அதன் உரிமை

பழைய ஓவியத்துக்குச் சிக்கல் இல்லை. நாயக்கர் காலத்து ஓவியருக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. நீங்களே எடுத்த ஒளிப்படத்தைக் கட்டற்ற உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். கோயிலில் படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். பிறர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஏற்ற வேண்டாம்.

தற்கால ஓவியம் என்றால் கவனம் தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. கண்ணகி நகர்ச் சுவரை உங்கள் கைப்பேசியில் நீங்களே எடுத்திருந்தாலும், ஓவியரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். அந்த ஒப்புதலும் வணிகப் பயன்பாடு உட்பட எவரும் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். படம் இல்லாமலே கட்டுரை வெளிவரலாம், தவறில்லை.

படி 8: வெளியிடுதல்

மணல்தொட்டியில் முடித்ததைக் கட்டுரைப் பெயருக்கு நகர்த்துங்கள். அதே வகைக் கட்டுரை ஒன்றின் அடியில் இருக்கும் பகுப்புகளைப் பார்த்துப் பொருத்தமானவற்றைச் சேருங்கள். கோயில் கட்டுரையிலிருந்தும் ஊர்க் கட்டுரையிலிருந்தும் உங்கள் கட்டுரைக்கு இணைப்புக் கொடுங்கள். பிற மொழிகளில் கட்டுரை இருந்தால், மொழிகளுக்கிடையே கட்டுரைகளை இணைக்கும் விக்கித்தரவு தளத்தில் இணையுங்கள்.

அந்த ஓவியத்தோடு உங்களுக்குத் தொடர்பு இருந்தால், வரைந்தவரோ, வரைவித்த அமைப்பின் ஊழியரோ, புதுப்பித்த குழுவில் ஒருவரோ என்றால், பயனர் பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். நீங்களே எழுதுவதைவிடச் சான்றுகளை உரையாடல் பக்கத்தில் வைத்து மற்றவரை எழுதச் சொல்வது நல்லது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவதானால் நடைமுறை சற்று வேறு. கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் ஆகாதவர் நேரடியாகக் கட்டுரை உருவாக்க முடியாது. வரைவாகச் சமர்ப்பித்தால் தன்னார்வலர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். வாரங்களோ மாதங்களோ ஆகலாம். திருப்பி அனுப்பினால் காரணத்தைப் படித்துத் திருத்தி மறுபடி அனுப்பலாம். தமிழ் நூல்களை அங்கேயும் சான்றாகக் காட்டலாம் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

படி 9: அறிவிப்பு வந்தால்

கட்டுரையின் தலையில் "சான்று தேவை" என்றோ "நீக்கலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது" என்றோ வார்ப்புரு (அறிவிப்புப் பெட்டி) விழுந்தால் அதைத் துடைத்துவிடாதீர்கள். போட்டவர் காரணம் எழுதியிருப்பார். உரையாடல் பக்கத்துக்குப் போய், "இந்த நூலின் இந்தப் பக்கங்களில் ஓவியங்கள் விரிவாகப் பேசப்படுகின்றன" என்று சான்றை முன்வையுங்கள். "எங்கள் ஊரின் பெருமையை அழிக்கிறீர்கள்" என்ற வாதம் எங்கும் எடுபடாது. நூலின் பெயரும் பக்க எண்ணும் எடுபடும்.

ஐயங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. பொதுவான உரையாடலுக்கு ஆலமரத்தடி. அங்கே பதில் சொல்பவர்கள் யாரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. பணிவாகக் கேட்டால் நேரம் ஒதுக்கி உதவுவார்கள்.

வெளியிட்ட கட்டுரை உங்களுடையது மட்டுமல்ல என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேறொருவர் வாக்கியத்தை மாற்றுவார், புதிய ஆய்வைச் சேர்ப்பார். கவனிப்புப் பட்டியலில் வைத்துப் பார்த்துவாருங்கள். தவறான மாற்றம் என்றால் சான்றோடு பேசுங்கள்.

திருப்பருத்திக்குன்றம், இராமநாதபுரம் இராமலிங்க விலாசம், திருமலைச் சமணக் குகைகள், பனமலை என்று சான்று நூல்கள் இருந்தும் இன்னும் விரிவாக எழுத இடமுள்ள ஓவியங்கள் பல இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த வாரமே மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், அதைப் பற்றி என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள்.