கில்ட் உடை: பயன்படும் இடமும் பயன்படா இடமும்

உடுப்பவனுடைய தொழிலுக்கும் அவன் வாழும் நிலத்துக்கும் பொருந்துகின்ற துணியே நல்ல துணி. இவ்வுண்மையை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். ஆயினும், ஓரிடத்தில் பெரும்பயன் தரும் துணி வேறோரிடத்தில் இடையூறாக மாறுவது ஏன் என்பதை நாம் நின்று ஆராய்வதில்லை. அவ்வாராய்ச்சிக்கு, ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கில்ட் என்னும் உடை ஏற்ற பாடமாக அமைகின்றது. இம்மாதம் அதனை எடுத்துக்கொள்வோம்.

துணியின் அமைப்பு

கில்ட் என்பது இடையிலிருந்து முழங்கால் வரை வரும் கம்பளி உடை, ஆடவர் அணிவது. முன்புறம் துணி மடிப்பின்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். பின்புறம் முழுவதும் நெருக்கமான மடிப்புகள். ஒற்றை அகலத்தில் கணக்கிட்டால், முறையான கில்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 கஜம் துணி செல்லும். கனத்த துணியில் தைத்த உடை சுமார் 2 கிலோ நிறை இருக்கும்.

டார்ட்டன் என்னும் கட்டத் துணியே இதற்கு உரியது. பாவில் நிற இழைகள் எவ்வரிசையில் ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அவ்வரிசையே ஊடையிலும் வரும். ஊடையானது இரண்டு பாவிழைகளின் மேலும், அடுத்த இரண்டின் கீழுமாகச் செல்லும் சாய்வரி நெசவு இது. இதனால் துணி கெட்டியாக இருப்பதோடு, மடிப்பும் நன்கு விழுகின்றது.

நெசவாளர் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. தறியில் விழுந்த கரையே உடையின் விளிம்பாக நிற்கின்றது. கரை கோணினால் உடையின் அழகே கெட்டுவிடும்.

பயன்பட்ட இடம்

பழைய கில்ட் இன்றையதினும் பெரிது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலைநாட்டார் அதனை உடுத்தினர். அக்காலத் தறிகளின் அகலம் குறைவாதலின், இரண்டு அகலங்களை இணைத்துத் தைத்து ஒரு துணியாக்கினர். அதன் கீழ்ப்பாதியை மடித்து இடையில் வாரினால் கட்டினர். மேற்பாதியைத் தோளில் போர்த்தினர். பகலில் உடையாகவும், மழையில் முக்காடாகவும், இரவில் போர்வையாகவும் அந்த ஒரே துணி உதவியது.

அந்நிலத்தில் மழை மிகுதி; சதுப்பும் ஓடைகளும் மிகுதி. மாடு மேய்ப்பவன் நாள்தோறும் பலமுறை நீரில் இறங்கி ஏற வேண்டும். நனைந்த கால்சட்டை காலோடு ஒட்டிக் குளிரை உண்டாக்கும். வெறுங்காலோ விரைவில் உலர்ந்துவிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு வெம்மை காக்கும். எனவே அந்நிலத்துக்கும் அத்தொழிலுக்கும் அவ்வுடை முற்றும் பொருந்தியது.

பயன்படாத இடம்

தொழில் மாறியதும் உடையின் குறை வெளிப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்வர்கேரி என்னுமிடத்தில் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் இரும்பு உலை நடத்தினார். மரம் வெட்டவும் உலையருகே வேலை செய்யவும் பெரிய துணி தடையாக இருந்தமையால், மேற்பாதியை நீக்கிக் கீழ்ப்பாதியை மட்டும் உடையாக்கினார் என்று 1785இல் அச்சான மடல் ஒன்று கூறுகின்றது. சிறு கில்ட் அதற்கு முன்பே இருந்ததென்று மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், போர்வையாக உதவிய பகுதி உலைக்களத்தில் வேண்டாத சுமையாயிற்று என்பதில் ஐயமில்லை.

1746ஆம் ஆண்டுக் கலோடன் போருக்குப்பின் பிரிட்டிஷ் அரசு இவ்வுடையைச் சட்டத்தால் தடுத்தது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். படைவீரருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782இல் தடை நீங்கியபோது, நாள்தோறும் கில்ட் உடுத்தும் வழக்கம் பெரிதும் குன்றிப்போயிருந்தது. பின்னர் அது விழாவுடையாகவும் படையுடையாகவுமே பெரிதும் வாழ்ந்தது.

அந்தப் படையுடைதான் கொடிய துன்பம் விளைத்தது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில் ஸ்காட்லாந்து வீரர்கள் பதுங்கு குழிகளில் கில்ட்டுடன் நின்றனர். மடிப்புகளில் சீலைப்பேன் குடியேறியது. சேறும் நீரும் ஏறி உடை கனத்தது. பனியில் உறைந்த மடிப்பின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. 1917இல் கடுகு வாயு வந்தபின் மூடப்படாத தோல் வெந்து கொப்புளித்தது. படையின் பெருமைக்காக வைத்திருந்த உடைக்கு வீரன் தன் உடலால் விலை கொடுத்தான். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் போர்க்களத்திலிருந்து கில்ட் நீக்கப்பட்டது. 1940இல் பிரான்ஸில் காமரன் பட்டாளம் ஒன்று அணிந்து போரிட்டதே கடைசி என்பர்.

இன்றைய நிலை

இன்று திருமணம், நடனம், மலைநாட்டு விளையாட்டு விழா, படை அணிவகுப்பு ஆகியவற்றுக்குக் கில்ட் மிகப் பொருந்தும். கால் தடையின்றி வீசி நடக்கலாம், ஆடலாம். குளிர்காலத்தில் பின்புற மடிப்பு இடுப்புக்கு வெம்மை தரும்.

சுழலும் இயந்திரத்தின் அருகிலோ அது ஆபத்து; மடிப்பு சிக்கிக்கொள்ளும். ஏணியேறவும், மிதிவண்டி ஓட்டவும், பலத்த காற்றில் வேலை செய்யவும் ஏற்றதன்று. கோடையில் அம்மலைகளில் கொசுவினும் சிறிய பூச்சிகள் கூட்டமாக வந்து வெறுங்காலைக் கடிக்கும். பெரணிப் புதர்களில் உண்ணி பற்றும். உடையில் பையில்லாமையால் இடையில் தனிப்பை கட்டவேண்டும். மடிப்புக் கலையும் ஆதலின் சாதாரணமாக அடித்துத் துவைக்கவும் இயலாது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

துணியின் தரம் வேறு, பொருத்தம் வேறு. கில்ட் துணியின் நெசவில் குறையில்லை. பொருந்தாத இடத்தில் அணிவித்ததே குறை. நூல் வாங்கி, பாவு ஓட்டி, தறியேற்றிய பின் பொருத்தம் பார்ப்பதால் பயனில்லை. விற்காமல் தேங்கும் துணி சங்கத்தின் முதலை முடக்கும். அம்முடக்கம் நெசவாளரின் கூலியைத் தாக்கும். ஆகவே புதிய இரகம் ஒன்றைத் தொடங்குமுன் சங்கக் கூட்டத்தில் பின்வரும் வினாக்களுக்கு விடை காண்போமாக:

1. இதனை உடுப்பவர் யார்? அவர் செய்யும் தொழில் யாது?
2. எந்தப் பருவத்தில், எவ்விடத்தில் உடுப்பர்?
3. நனைந்தால், வியர்த்தால், துவைத்தால் இத்துணி என்னவாகும்?
4. நாள்தோறும் உடுப்பதற்கா, விழாவுக்கா? அதற்கேற்ப எத்தனை உருப்படி நெய்யலாம்?