பாடம் 9: சத்தியா, சக்தியா?

வாசிப்போம்

எங்கள் வீடு பென்டில் ஹில்லில் இருக்கிறது. நேற்று நான் அம்மம்மாவுடன் டொக்டரிடம் போனேன்.

டொக்டர் ஆங்கிலத்தில், “உங்களுக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டார்.

“காலமையில இருந்து சத்தி வருது, மோனை. சொல்லு,” என்றார் அம்மம்மா.

‘சத்தி’ என்றால் ‘சக்தி’ என்று நினைத்தேன். “அம்மம்மாவுக்குப் பலம் வருகிறதாம்,” என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்!

டொக்டர் அம்மம்மாவின் வாடிய முகத்தைப் பார்த்தார். உடனே 131 450 என்ற எண்ணை அழைத்தார். தொலைபேசியில் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவர் பேசினார். “சத்தி என்றால் வாந்தி,” என்று அவர் விளக்கினார். அம்மம்மா புதுக் குளிசை ஒன்று எடுப்பதையும் சொன்னார். டொக்டர் அந்தக் குளிசையை மாற்றிக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. “நான் பிழையாச் சொல்லிப்போட்டன், அம்மம்மா.”

“பரவாயில்லை, மோனை. விளங்காட்டி என்னட்டைத் திருப்பிக் கேள். அதில வெக்கம் இல்லை.”

தெரிந்துகொள்வோம்

டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் செய்தார். அவர் தமிழ் கற்றார். பிறகு தமிழ் மாணவர்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘இரண வைத்தியம்’. இரணம் என்றால் புண். நோயாளிகளின் மொழியிலேயே மருத்துவர்கள் படித்தார்கள்.

வீட்டுச் சொல்லும் நூற்சொல்லும்

சத்தி – வாந்தி: வயிற்றில் உள்ளது வாய் வழியாக வெளியே வருதல்.
தலைச்சுத்து – தலைச்சுற்றல்: சுற்றியுள்ளவை சுழல்வதுபோல் தோன்றுதல்.
பிரஷர் – உயர் இரத்த அழுத்தம்: இரத்தம் இரத்தக் குழாய்களை அளவுக்கு மேல் அழுத்துதல்.
சீனி வருத்தம் – நீரிழிவு: இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் இருத்தல்.
நாரி நோ – இடுப்பு வலி: முதுகின் கீழ்ப்பகுதியில் வரும் வலி.
குளிசை – மாத்திரை: விழுங்கும் மருந்து.

பயிற்சி

1. டொக்டர் ஏன் உரைபெயர்ப்பாளரை அழைத்தார்?
2. சத்தி, சக்தி ஆகிய சொற்களை வைத்து இரு வாக்கியங்கள் எழுதுக.
3. டொக்டர் கிறீன் ஏன் தமிழில் கற்பித்தார் என்று நினைக்கிறீர்கள்?
4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நோயைக் குறிக்கும் மூன்று சொற்களைக் கேளுங்கள். அவற்றின் பொருளை எழுதி வந்து வகுப்பில் சொல்லுங்கள்.