குளியலறைத் துரு: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

பாத்டப்பில் துரு என்றதும் "நம்ம வீட்ல எங்க பாத்டப் இருக்கு?" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பிளவக்கல் அணைப் பக்கம், வத்திராயிருப்பிலும் ரீல்ஸ் புகழ் கூமாபட்டியிலும் பாத்டப் இருக்கிற வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். ஆனால் குளியலறைக்குத் தகரக் கதவு இருக்கும். ஜி.ஐ. வாளி, தண்ணீர் பிடித்து வைக்க இரும்பு ட்ரம், மேலே பிளாஸ்டிக் தொட்டியைத் தாங்கும் ஆங்கிள் ஸ்டாண்டு இருக்கும். பாத்டப்பை அரிக்கும் அதே வேதியியல்தான் இவற்றையும் அரிக்கிறது. நான்கிலும் உங்கள் தலைக்கு மேலே நிற்பது ஸ்டாண்டு. அதனால் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

துரு எப்படி உருவாகுது?

முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் எக்ஸாமுக்காகப் படித்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. துருவுக்கு மூன்று பொருள் வேண்டும்: இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். ஓர் இடத்தில் இரும்பு எலக்ட்ரானை இழக்கிறது, அது ஆனோடு. பக்கத்திலேயே ஆக்சிஜனும் தண்ணீரும் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன, அது கேத்தோடு. அதாவது ஒவ்வொரு துருப் புள்ளியும் சுவிட்சே இல்லாத ஒரு குட்டி பேட்டரி. சோப்புத் தண்ணீரும் உப்பும் கலந்த ஈரத்தில் மின்சாரம் இன்னும் நன்றாகக் கடக்கும், அதனால் பேட்டரியும் வேகமாக ஓடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: ஆக்சிஜன் அதிகம் படும் இடம் கேத்தோடு ஆகிறது, குறைவாகப் படும் இடம்தான் ஆனோடாகி அரிபடுகிறது. வாளியின் பக்கங்கள் நன்றாக இருக்கும்போதே ஈரத்தரையில் உட்கார்ந்திருக்கும் அடிப்பாகம் ஓட்டையாவது இதனால்தான். ட்ரம்மில் தண்ணீர் நிற்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே அரிப்பதும், உரிந்த பெயிண்டுக்கு அடியில் துரு பரவுவதும் இதே கதைதான்.

இன்னொன்று, துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். பஞ்சு மாதிரி ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் துரு மறையும், நிற்காது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்டையே அது தள்ளிவிடும்.

துத்தநாகம் செய்யும் தியாகம்

ஜி.ஐ. வாளி பளபளவென்று இருப்பது துத்தநாகப் பூச்சால். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்கு 1837-ல் பிரான்சில் சோரெல் என்பவர் காப்புரிமை வாங்கினார். இரும்பின் மின்முனை அழுத்தம் −0.44 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76. எலக்ட்ரானை முதலில் கொடுப்பது துத்தநாகம்தான். அதனால் சின்னக் கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வீட்டு கீசர் தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி வைப்பதும் இதே தத்துவத்தில்தான். அந்தக் கம்பி கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும்.

இந்தக் காவலை நாமே கொன்றுவிடுகிறோம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வாளியிலும் கதவின் அடியிலும் ஊற்றினால் முதலில் கரைவது துத்தநாகம். "ஆசிட் போட்டா துரு போயிடும்" என்பது பாதி உண்மைதான். இருக்கிற துரு போகும், அடுத்த துரு சீக்கிரம் வரும். முக்கியமாக, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடவே போடாதீங்க. குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கறையா, துருவா?

டைல்ஸிலோ பிளாஸ்டிக் வாளியிலோ பழுப்பு நிறம் இருந்தால் அது போர் தண்ணீரில் உள்ள இரும்பு விட்டுப்போன கறை. அடியில் அரிப்பதற்கு இரும்பே கிடையாது. எலுமிச்சைச் சாறோ புளியோ தேய்த்துச் சற்று நேரம் விட்டுக் கழுவினால் போகும். பிளீச்சிங் பவுடர் இந்தக் கறையை இன்னும் அழுத்தமாக்கும். பாத்டப்பிலும் முதலில் இதைத்தான் பார்க்கணும். அக்ரிலிக் டப் துருப்பிடிக்காது. எனாமல் பூசிய இரும்பு டப்பில் பூச்சு தெறித்த இடம்தான் துருப்பிடிக்கும்.

சரிசெய்யும் முறை

1. ஒரு முழு நாளாவது நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

2. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு உப்புத்தாள் போடுங்கள். முதலில் 80, அடுத்து 220. பளிச்சென்று இரும்பு தெரியணும். எனாமல் டப்பில் துருவை மட்டும் தேயுங்கள், சுற்றியுள்ள எனாமலைக் கீறாதீர்கள்.

3. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே உலோகம் மிச்சமில்லை. சின்ன ஓட்டை என்றால் எபாக்ஸி பட்டி வைத்து அடைக்கலாம். பெரிய ஓட்டை என்றால் வெல்டிங் கடைதான்.

4. தின்னர் நனைத்த துணியால் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடையுங்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

5. அன்றைக்கே மெட்டல் பிரைமர் அடியுங்கள். தேய்த்த இரும்பு ஒரு ராத்திரியிலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். துத்தநாகப் பூச்சு மிச்சமிருந்தால் அதற்கேற்ற பிரைமரைக் கடையில் கேட்டு வாங்குங்கள். சாதாரண எனாமல் பெயிண்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து தோல் மாதிரி உரியும்.

6. மெல்லியதாக இரண்டு கோட் பெயிண்ட். டப்புக்கு எபாக்ஸி வகை டச்-அப் பூச்சு. கதவின் அடி விளிம்பை மறந்துடாதீங்க, துரு ஆரம்பிப்பதே அங்கேதான். குடிக்கும் தண்ணீர் பிடிக்கும் ட்ரம்முக்குள் சாதாரண பெயிண்ட் அடிக்கக் கூடாது.

அடுத்த முறை வராமல் இருக்க வாளியைக் கவிழ்த்து வையுங்கள், ட்ரம்மைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், குளித்து முடித்ததும் கதவைத் திறந்து போடுங்கள்.

வேலை நடுவில் தகரம் கிழித்துவிட்டால் "துரு இல்லாத இடம்தானே" என்று சும்மா இருக்காதீர்கள். டெட்டனஸ் துருவால் வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் பாக்டீரியாவால் வருவது. காயத்தைக் கழுவி, ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எதைச் சரிசெய்யவே கூடாது?

500 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 500 கிலோ. ஸ்டாண்டின் கால் சிமென்ட்டுக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தங்கும், ஆக்சிஜன் குறையும். மேலே பெயிண்ட் புதிதாக இருந்தாலும் அங்கே கால் மெலிந்துகொண்டே போகலாம். அந்த இடத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தகடு தகடாக உதிர்ந்தால் பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். தொட்டியைக் காலி செய்துவிட்டு ஸ்டாண்டையே மாற்றுங்கள்.

பெரிய அளவில் இதே பாடம்

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் கடல் உப்புக்காற்றில் நூறாண்டுக்கும் மேல் நின்றது விடாத பராமரிப்பால்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேர்ந்தெடுத்தார்கள். அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே நம் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. புராஜெக்ட் தலைப்பு தேடும் மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் நண்பர்கள் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் இந்த வாரம் ஊருக்குப் போனால் ஒரு சுத்தியலோடு மாடிக்கு ஏறுங்கள். தொட்டி ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.