பரண் மேல் கிடக்கும் பழைய மரச்சாமான்: விற்கும் முன் தெரிந்து கொள்வோம்



இந்தப் பாடத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். கடைசியில் கேள்விகள் உள்ளன.

"பழைய கட்டில், பெட்டி, உரல், அஞ்சறைப் பெட்டி இருக்கா அம்மா?" என்று கேட்டுக்கொண்டு தெருவில் ஆள் வருவதை நாம் பார்க்கிறோம். "அடுப்பெரிக்கத்தான் ஆகும்"னு நினைத்து, கேட்ட விலைக்குக் கொடுத்து விடுகிறோம். அதே பெட்டி பட்டணத்துக் கடையில் துடைத்து, பாலீஷ் போட்டு, வரவேற்பறையில் வைக்கும் பொருளாக நிற்கிறது. நடுவில் நடந்தது என்ன? பொருளை அறிந்தவர்கள் வாங்கினார்கள், அறியாதவர்கள் விற்றார்கள். அவ்வளவுதான்.

பழைய மரத்துக்கு ஏன் மதிப்பு?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. அந்தத் தெரு உருவானதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் தொழில் செய்தார்கள். பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டு வந்து தூணும் கதவும் கட்டிலும் செய்தார்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. போரும் அதற்குப் பின் வந்த மாற்றங்களும் அவர்களுடைய தொழிலை அங்கே முடக்கின. பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, சில இடிக்கப்பட்டன. அவற்றின் சாமான்கள் கடைக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

நம்ம வீட்டில் இருப்பது மாளிகைச் சாமான் இல்லைதான். ஆனால் அப்பத்தா காலத்து அஞ்சறைப் பெட்டி, கணக்குப்பெட்டி, பல்லாங்குழி, மரக்கால், தொட்டில், மணைப்பலகை, முறுக்கு உரல் எல்லாவற்றையும் வாங்க ஆள் இருக்கிறது. நன்றாக முற்றிக் காய்ந்த மரம், கையால் செய்த வேலை, இன்று எளிதில் கிடைக்காத அகலப் பலகை என்று மூன்று காரணம் உண்டு.

பார்த்துத் தெரிந்து கொள்வது எப்படி?

பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலீஷ் மறைத்து விடும், அடிப்பக்கம் மறைக்காது.

• கை ரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் ஏறுக்குமாறாக இருக்கும். இயந்திரத்தில் அறுத்தது ஒரே சீராக இருக்கும்.
• மூங்கில் ஆணி, மர ஆணி அடித்து இணைத்திருந்தால் பழைய வேலைக்கு அடையாளம்.
• பிளஸ் குறி போட்ட திருகாணி 1930-களுக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. ஆனால் பழைய பெட்டியில் பிற்பாடு யாராவது மாட்டியிருக்கவும் கூடும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.
• ஒட்டுப்பலகை, சன்மைக்கா இருந்தால் அந்தப் பகுதி புதியது.
• அடியில் லேசாகச் சுரண்டினால் தேக்கு எண்ணெய்ப் பசையும் தனி வாசனையும் காட்டும். ஈட்டி கறுஞ்சிவப்பாக, கனமாக இருக்கும். பலா மஞ்சளாக இருந்து நாளாக நாளாகப் பழுப்பாகும்.

சந்தேகம் இருந்தால் ஊர் ஆசாரியிடம் காட்டுங்கள். வாங்க வந்தவரிடமே "இது என்ன மரம்?" என்று கேட்பது வேண்டாம்.

விற்பதற்கு முன் நான்கு வேலை

ஒன்று: இழுப்பறை, ரகசிய அறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். கணக்குப்பெட்டிகளில் மறைவு அறை இருக்கும். பழைய பத்திரம், ரசீது, ஓலைச்சுவடி இருந்தால் எடுத்து வையுங்கள். ஓலைச்சுவடியை அடுப்பில் போடவோ விற்கவோ வேண்டாம். மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

இரண்டு: நான்கு பக்கமும் படம் எடுங்கள். நீள அகலம் அளந்து எழுதுங்கள்.

மூன்று: குறைந்தது இரண்டு, மூன்று பேரிடம் விலை கேளுங்கள். "இன்னைக்குக் குடுத்தாத்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால், அன்றைக்குக் கொடுக்காதீர்கள்.

நான்கு: பொருள் யாருக்குச் சொந்தம்? பாகம் பிரிக்காத வீட்டுச் சாமான் என்றால் எல்லாப் பங்குதாரரும் சம்மதிக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலச் சம பங்கு உண்டு. "பொண்ணு கட்டிக் குடுத்தாச்சு, அவகிட்ட என்ன கேக்குறது?" என்று சொல்ல இடமில்லை. உங்கள் பிறந்த வீட்டுப் பெட்டியும் உங்களைக் கேட்காமல் போகக் கூடாது.

நாமே சீர்செய்து விற்கலாமா?

விற்கலாம். கனமான தச்சு வேலையை ஆசாரி செய்யட்டும். துடைப்பது, தேய்ப்பது, பாலீஷ் போடுவது போன்ற வேலைகளைக் குழுவினர் பழகிக் கொள்ளலாம்.

1. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பழைய சாமான்களில் வச்சிரப் பசை போட்டிருப்பார்கள். அது தண்ணீரில் இளகி, இணைப்பு கழன்று விடும்.

2. பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சிறு துளைகள் இருந்தால் வெள்ளைத் துணி விரித்து, பெட்டியைத் தட்டுங்கள். புது மாவு கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பாலீஷ் இல்லாத வெறும் மரத்தில் பூச வேண்டும். பாலீஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. சமையலறையிலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் இதைத் தள்ளியே வையுங்கள்.

3. ஆடும் காலுக்கு இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. முதிர்ந்த மரம் பிளந்து விடும், ஆணியும் துருப்பிடிக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்து, கயிறு கட்டி முறுக்கி ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

4. உப்புத்தாளில் முதலில் 120, பிறகு 220 நம்பர். மர நார் ஓடும் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். பளபளப்புக்காக இழைப்புளி போட்டுச் சீவி விடாதீர்கள். பல காலம் கைபட்டு வந்த நிறத்துக்குத்தான் விலை. அதைச் சீவினால் புதுப் பெட்டி ஆகிவிடும்.

5. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. இதுதான் அரக்கு பாலீஷ். சூடான டம்ளர் வைத்தாலோ தண்ணீர் தேங்கினாலோ வெள்ளைத் தடம் விழும் என்பதை வாங்குபவரிடம் சொல்லி விடுங்கள்.

உடம்பு முக்கியம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்குக் கட்டுப்பாடு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு முன் அடித்த பெயிண்டை நம்ப முடியாது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வயிற்றில் உள்ள சிசுவையும் பாதிக்கும். ஆகவே பெயிண்ட் அடித்த பொருளை உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஈரப்படுத்தித் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்து எடுங்கள். நெருப்பில் காட்டியும் உரிக்க வேண்டாம். என்-95 முகக்கவசம் போடுங்கள், புடவைத் தலைப்பு போதாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த வேலைக்கு வேண்டாம். வேலை உடையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், குடித்தால் விஷம். அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானாகவே சூடேறிப் பற்றிக் கொள்ளும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காய வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக ஒரு கணக்கு. சந்தை விலை என்று எடுத்துக் கொள்ள வேண்டாம்.

பெட்டி வாங்கியது ரூ.1,500
வண்டி வாடகை ரூ.200
ஆசாரி கூலி ரூ.800
உப்புத்தாள் ரூ.150
அரக்கு, ஸ்பிரிட், பசை ரூ.350
கைச்செலவு மொத்தம் ரூ.3,000

இந்த 3,000 ரூபாயைக் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினோம். பெட்டி விற்க ஆறு மாதம் ஆனது. வட்டி ரூ.180. கடைசியில் 4,000 ரூபாய்க்கு விற்றது. "820 ரூபாய் லாபம்"னு சந்தோஷப்படுவோம். ஆனால் மூன்று நாள் நாம் உழைத்தோமே! நாளுக்கு 400 என்றால் ரூ.1,200. அதையும் சேர்த்தால் அசல் ரூ.4,380. உண்மையில் 380 ரூபாய் நட்டம். நம் உழைப்புக்குக் கூலி போடாமல் லாபம் சொன்னால் அது பொய்க் கணக்கு.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. மரச்சாமான் காய்கறி மாதிரி அன்றன்றைக்கு விற்காது. எனவே பெரிய கட்டில், அலமாரிக்குக் கடன் வாங்கித் தொடங்காதீர்கள். அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, மணை போன்ற சின்னப் பொருள் ஒன்று இரண்டில் தொடங்கிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருள் போன்றவை தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே அவ்வளவு பழசாகத் தோன்றும் வேலைப்பாடுள்ள கதவு, நிலை, மரச்சிற்பம் கையில் வந்தால், முதலில் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளியுங்கள்.

கோவில் வாகனம், தேர்ச் சிற்பம், சாமி பீடம் இவற்றை யார் கொண்டு வந்தாலும் வாங்கவே கூடாது. திருட்டுப் பொருளாக இருந்தால் குழுவே வழக்கில் சிக்கும். எதை வாங்கினாலும் விற்றவரின் பெயர், ஊர், தேதி, விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

விற்கும்போதும் உண்மை சொல்ல வேண்டும். புதுப் பலகை வைத்த இடத்தைக் காட்டுங்கள். வயது தெரியாவிட்டால் "பழையது" என்று மட்டும் சொல்லுங்கள், "நூறு வருஷம்" என்று அளந்து விடாதீர்கள். ஒரு முறை ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் உறுப்பினர் வீடுகளில் என்னென்ன பழைய மரச்சாமான்கள் உள்ளன? ஒரு பட்டியல் போடுவோமா?
2. கடந்த ஐந்து ஆண்டில் யார் எதை, என்ன விலைக்கு விற்றோம்? விலையை யார் சொன்னார்கள்?
3. வீட்டுச் சாமானை விற்கும் முடிவில் பெண்களைக் கேட்டார்களா?
4. நம் ஊரில் பழைய வேலை தெரிந்த ஆசாரி யார்? அவரிடம் யார் பழகிக் கொள்ளத் தயார்?

எல்லாவற்றையும் விற்றே ஆக வேண்டும் என்பதில்லை. துடைத்துப் பாலீஷ் போட்டு நம் வீட்டிலேயே வைத்துக் கொள்வதும் நல்ல முடிவுதான். வைப்பதோ விற்பதோ, அதன் மதிப்பைத் தெரிந்து கொண்டு நாமே முடிவு செய்வோம்.